அப்பாவுக்குப் பக்கவாதம், அம்மாவுக்கு டயாலிசிஸ், 11 லட்சத்தை நெருங்கும் கடன்: வீட்டை விற்கத்தான் வேண்டுமா?

பதிவு 1 – தறிவீட்டுப்பெண்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நாமக்கல் மாவட்டம் குமாரபாளையம். அப்பா விசைத்தறி ஓட்டியவர். நான் பெருந்துறைப் பக்கம் ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்தில் வேலை செய்கிறேன். தம்பி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறான். 2023ஆம் ஆண்டு அப்பாவுக்குத் தறியில் நின்றிருந்தபோதே மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டது. அருகில் இருந்த தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அறுவைச் சிகிச்சை செய்து, வென்டிலேட்டரில் வைத்திருந்து, உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் வலது கையும் காலும் இன்னும் வரவில்லை, பேச்சும் குழறுகிறது. அந்தச் செலவிலிருந்து மூச்சு விடுவதற்குள், அடுத்த ஆண்டே அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. இப்போது ஒரு தனியார் மையத்தில் வாரம் இருமுறை டயாலிசிஸ் நடக்கிறது.

கடனை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். கூட்டுறவு வங்கியில் 9 பவுன் நகையை வைத்து வாங்கியது 2,60,000 ரூபாய். ஒரு பைனான்சியரிடம் புரோநோட்டும் தொகை நிரப்பாத காசோலைகளும் கொடுத்து, நூற்றுக்கு 3 ரூபாய் மாத வட்டிக்கு வாங்கியது 3,00,000. அம்மா பெயரில் உள்ள இரண்டு குழுக் கடன்களில் பாக்கி 1,10,000. அப்பா தறி முதலாளியிடம் வாங்கியிருந்த முன்பணம் 80,000. தம்பியின் கிரெடிட் கார்டில் 95,000. உறவினர்களிடம் கைமாற்றாக வாங்கியது 2,40,000. ஆக மொத்தம் 10,85,000.

எனக்கு மாதம் 16,500, தம்பிக்கு 19,000 சம்பளம். இருவருக்கும் சேர்த்து 35,500. பைனான்சியர் வட்டி 9,000, குழுக் கடன் வாரத் தவணைகள் மாதத்துக்கு 9,200, டயாலிசிஸ் 12,000, இருவருக்கும் மாத்திரை ஊசி 6,000. இவையே 36,200 ஆகிவிடுகின்றன. அரிசி, பருப்பு, கார்டு பாக்கி, தம்பியின் அறை வாடகை எதுவும் இதில் சேரவில்லை. மாதா மாதம் யாரிடமாவது புதிதாக வாங்கித்தான் பழைய வட்டியைக் கட்டுகிறோம்.

முதல்வரின் காப்பீட்டு அட்டைக்கு முயன்றோம். குடும்ப அட்டையில் எங்கள் இருவர் பெயரும் இருப்பதால் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய் வரம்பைத் தாண்டுகிறது என்று சொல்லி வருமானச் சான்று கிடைக்கவில்லை. தாத்தா கட்டிய ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது. 14 லட்சத்துக்குப் போகும் என்கிறார் தரகர். அதை விற்றுக் கடனை அடைத்துவிட்டு வாடகை வீட்டுக்குப் போகச் சொல்கிறார் பெரியப்பா. அம்மா அந்தப் பேச்சை எடுத்தாலே அழுகிறார். வீட்டை விற்பதா வேண்டாமா என்பதில் உங்கள் கருத்தைக் கேட்கிறேன்.

பதிவு 2 – மண்வாசம்

விற்றுவிடுங்கள் என்பதே என் கருத்து, சகோதரி. என் அண்ணனுக்குப் புற்றுநோய் வந்தபோது, பூர்வீக நிலத்தைக் கைவிடக் கூடாது என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். நிலம் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் ஆளாளுக்குக் கடனும் கொடுத்தார்கள். முடிவில் கட்டிய வட்டி அசலைத் தாண்டிவிட்டது. எங்கள் நெருக்கடி ஊருக்கே தெரிந்திருந்ததால் வந்தவர்கள் எல்லாரும் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்டார்கள். அண்ணனும் போனான், நிலமும் போனது. நூற்றுக்கு 3 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36 விழுக்காடு. எந்த வீட்டின் மதிப்பும் அந்த வேகத்தில் ஏறாது. நல்ல விலை கிடைக்கும் காலத்திலேயே விற்பதுதான் உங்களுக்கு லாபம்.

பதிவு 3 – செவ்வந்தி

நான் செவிலியராக இருந்து, இப்போது ஒரு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் பணி செய்கிறேன். வீட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் எனக்கு இரண்டு விவரங்கள் வேண்டும். மருத்துவர் வாரத்துக்கு எத்தனை முறை டயாலிசிஸ் எழுதிக் கொடுத்தார்? உங்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று பிடித்தம் இருக்கிறதா?

பதிவு 4 – தறிவீட்டுப்பெண்

அக்கா, மருத்துவர் எழுதிக் கொடுத்தது வாரம் 3 முறை. பணத்துக்காகத்தான் 2 ஆக்கியிருக்கிறோம். அதிலும் சில வாரங்களில், செவ்வாய்க்கிழமை போனதே போதும், உடம்பு லேசாக இருக்கிறது என்று சொல்லி அம்மா இரண்டாவது முறை வர மறுத்துவிடுகிறார். கால் வீங்கியிருப்பதை நான் பார்த்துவிடக் கூடாது என்று புடவையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று ஒரு சொம்பில் தண்ணீரை அளந்து வைத்திருக்கிறோம்; டயாலிசிஸ் தப்பிப்போகும் நாட்களில் அதையும் பாதிதான் குடிக்கிறார்.

பிடித்தம் இருக்கிறது. 3 ஆண்டுகளுக்கு மேலாகப் பிடிக்கிறார்கள். எனக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கிக்கொள்ளத்தான் அது என்று எங்கள் நிறுவனத்தில் சொன்னார்கள். அட்டையில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாரத் தவணை வசூலிக்கும் இடத்தில் பழக்கமான ஒருவர், தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு சிறுநீரகம் கொடுத்தால் 5 லட்சம் கிடைக்கும், ஒரே நாளில் பாதிக் கடன் தீர்ந்துவிடும் என்று பேசியிருக்கிறார். தம்பி இதை என்னிடம் சொன்னபோது அவன் முகத்தில் கோபம் இல்லை, யோசித்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

பதிவு 5 – சட்டத்துணை

மற்றதெல்லாம் பிறகு இருக்கட்டும். சகோதரி, உங்கள் தம்பியிடம் இன்றே பேசுங்கள். உறுப்பை விலைக்குக் கொடுப்பதும் வாங்குவதும் தரகு பார்ப்பதும் 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி குற்றம். தண்டனை 5 முதல் 10 ஆண்டு சிறை. அபராதம் 20 லட்சத்தில் தொடங்குகிறது. விற்பவரையும் அந்தச் சட்டம் விட்டுவைக்காது. உங்களுக்குப் பக்கத்தில் உள்ள பள்ளிபாளையத்தில் கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்களைக் குறிவைத்துத் தரகர்கள் இதே வேலையைச் செய்ததாக 2025இல் எழுந்த புகார் உயர் நீதிமன்றம் வரை போனது உங்களுக்கும் தெரிந்திருக்கும். பேசிய தொகை முழுவதும் கைக்கு வருவதும் இல்லை. அந்த ஆள் மறுபடியும் வந்தால், பெயரையும் கைப்பேசி எண்ணையும் குறித்துக்கொண்டு காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். தேவையென்றால் நானே எழுதித் தருகிறேன்.

தம்பி தன் தாய்க்கே சிறுநீரகம் தானம் செய்வது வேறு விஷயம். நெருங்கிய உறவினர் என்ற முறையில் சட்டம் அதை அனுமதிக்கிறது. அதை மருத்துவரோடு கலந்து முடிவு செய்ய வேண்டுமே தவிர, கடனைக் கணக்கில் வைத்து முடிவு செய்யக் கூடாது.

பதிவு 6 – செவ்வந்தி

தங்கச்சி, உங்கள் பதிவைப் படித்ததும் பதறிவிட்டேன். டயாலிசிஸைத் தள்ளிப்போட்டால் உடலில் பொட்டாசியம் ஏறும். அது இதயத்தை எச்சரிக்கையே இல்லாமல் நிறுத்திவிடக் கூடியது. வெளியேறாத நீர் நுரையீரலில் கட்டும். நள்ளிரவில் மூச்சுத் திணறலோடு தூக்கிக்கொண்டு வந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து, ஒரு மாத டயாலிசிஸ் செலவை ஓரிரு நாளில் கட்டிவிட்டுப் போகும் குடும்பங்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். 1,500 ரூபாயை மிச்சப்படுத்துவதாக நினைத்து அம்மா வராமல் இருப்பதுதான் உங்கள் வீட்டில் இப்போது நடக்கும் மிகப் பெரிய செலவு. இதை அவரிடம் இப்படியே சொல்லுங்கள்.

அடுத்து இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ள தொழிலாளிக்கு அந்தத் திட்டம் பொருந்தும், சம்பளத்தில் 0.75 விழுக்காட்டை நீங்களும் 3.25 விழுக்காட்டை நிறுவனமும் கட்டுகிறீர்கள். அதன் மருத்துவ வசதி உங்களுக்கு மட்டும் உரியதல்ல. உங்களைச் சார்ந்து வாழும் தாய் தந்தைக்கும் உண்டு. அவர்களுக்கு மாதம் 9,000 ரூபாய்க்கு மேல் சொந்த வருமானம் இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. குடும்பத்தினருக்கு டயாலிசிஸ் போன்ற உயர் சிறப்புச் சிகிச்சை கிடைக்க நீங்கள் குறிப்பிட்ட காலம் சந்தா கட்டியிருக்க வேண்டும். 3 ஆண்டு என்பது தாராளமாகப் போதும். நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் பெற்றோரின் ஆதார் நகலும் புகைப்படமும் கொடுத்து இருவர் பெயரையும் உங்கள் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். அவர்கள் இழுத்தடித்தால் நீங்களே இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். பிறகு இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் அம்மாவின் பழைய சிகிச்சைத் தாள்களைக் காட்டிப் பரிந்துரைக் கடிதம் பெற வேண்டும். அதை வைத்து இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கோ அதனோடு ஒப்பந்தம் உள்ள மையத்துக்கோ அனுப்புவார்கள். சேலத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. அப்பாவின் மாத்திரைகளும் அதே வழியில் வந்துவிடும்.

இந்த வேலை முடியச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை தனியார் மையத்தை நிறுத்தாதீர்கள். பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் டயாலிசிஸ் பிரிவில் இப்போதே விசாரித்துப் பெயரைக் கொடுத்து வையுங்கள். டயாலிசிஸ் ஊசி குத்த வசதியாகக் கையில் இரத்தக் குழாய்களை இணைக்கும் பிஸ்டுலா போட்டாகிவிட்டதா? இல்லையென்றால் அதையும் அங்கேயே செய்துகொள்ளலாம். அப்பாவுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்துவிட்டீர்களா? கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம் தருவார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுக்கிறார்கள்; உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள்.

பதிவு 7 – காவிரிக்கரையான்

கூட்டுறவு வங்கியில் நகைக் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மகளே, நீ கடனை வரிசையாக எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தே நம்பிக்கை வருகிறது. கணக்கைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டவர்களைத்தான் நான் அதிகம் சந்தித்திருக்கிறேன். நண்பர் மண்வாசம் 36 விழுக்காடு பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அந்த 36 விழுக்காடு, உன் கடனில் 3 லட்சத்துக்கு மட்டும்தான். 3 லட்சத்தை அடைக்க 14 லட்சம் பெறும் வீட்டை ஏன் விற்க வேண்டும்?

உன் கையில் இருக்கும் மிகப் பெரிய பிடிமானம் அந்த 9 பவுன். 2023இல் நீ அடகு வைத்தபோது பவுன் 44,000 ரூபாயை ஒட்டி இருந்தது. 2025இலேயே 80,000ஐத் தாண்டிவிட்டது. 80,000 என்றே குறைத்து வைத்துக்கொள்வோம். 9 பவுனின் மதிப்பு 7,20,000. கடனோ 2,60,000தான். இடையில் இருக்கும் நாலரை லட்சத்துக்கும் மேலான தொகை வங்கிப் பெட்டகத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறது. நீ வெளியே மாதம் 9,000 வட்டி கட்டுகிறாய்.

வழிகள் உண்டு. மதிப்பில் 75 விழுக்காடு கடன் தருவதாக வைத்துக்கொண்டால் 5,40,000 வரை வாங்கலாம். பழைய கடனையும் வட்டியையும் கழித்துக்கொண்டு இரண்டரை லட்சத்தைப் போல் கைக்கு வரும். அதைப் பைனான்சியருக்குக் கட்டினால், ஆண்டுக்கு 36 விழுக்காட்டில் ஓடிய கடன் 10 விழுக்காட்டை ஒட்டிய கடனாக மாறும். ஆனால் கடன் கடனாகவே நிற்கும்; ஆண்டு முடிவில் திருப்பி வைக்கும் நாளில் மறுபடி பணம் புரட்ட வேண்டும். ஆகவே நான் சொல்வது வேறு. 4 பவுனை விற்றுவிடு. 3,20,000 வரும், சேதாரம், கல் எடை கழித்தாலும் பைனான்சியரின் அசல் ஏறக்குறைய முழுவதும் அடையும். மீதி 5 பவுனின் மதிப்பு 4,00,000. அதில் 75 விழுக்காடு 3,00,000. ஆகவே பழைய 2,60,000 கடன் அந்த 5 பவுனின் மேலேயே நின்றுகொள்ளும்.

நகையை மீட்டுத் திருப்பி வைக்கும் அந்த ஒரு நாளுக்கு 2,60,000மும் அதுவரையிலான வட்டியும் கையில் வேண்டும். நம்பிக்கையான உறவினர் ஒருவரை வங்கிக்கே கூட்டிப்போய், அவர் கண் முன்னாலேயே திருப்பி வைத்து, பணத்தை அன்றே கொடுத்துவிட வேண்டும். அடகு நகையை மீட்டு விற்றுத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் கடைகளுக்குப் போனால் எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதை இரண்டு மூன்று இடங்களில் கேட்டுப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடு.

பைனான்சியர் முடிந்ததும் அடுத்தது தம்பியின் கார்டு. அதன் வட்டியும் பைனான்சியர் வட்டிக்குச் சளைத்ததல்ல. வங்கியிடம் பேசி மாதத் தவணையாக மாற்றிக்கொண்டு, அந்த அட்டையைப் பயன்படுத்துவதையே நிறுத்தச் சொல். குழுக் கடன் தானாகக் குறைந்துகொண்டு வருகிறது. அதை ஒழுங்காகக் கட்டி முடி. உறவினர் கைமாற்றுக்கு வட்டி இல்லை. அது கடைசியில் வரட்டும்.

பதிவு 8 – தறிவீட்டுப்பெண்

ஐயா, உங்கள் கணக்கு எனக்குப் புரிகிறது. அந்த நகையில் 4 பவுன் ஆரம் ஒன்று இருக்கிறது. அப்பா தறி ஓட்டிய காசில் அம்மா ஏலச்சீட்டுக் கட்டி, என் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்தது. அடகு வைத்த நாளிலிருந்து, எப்படியும் மீட்டுவிடுவேன் என்றுதான் அம்மா என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதை விற்கிறோம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? வீட்டை விற்பதைவிட இது அவருக்கு வலிக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பதிவு 9 – நூல்கண்டு

நானும் சேலம் பக்கம் தறிக் குடும்பத்துப் பெண்தான், தங்கச்சி. உன் அம்மாவிடம் நகையைப் பற்றி மட்டும் தனியாகப் பேசாதே. 10,85,000 என்ற முழுக் கணக்கையும் அவர் முன்னால் வை. எங்கள் வீட்டில் நோயாளிக்குத் தெரியக் கூடாது என்று எல்லாக் கடனையும் மறைத்தோம். அம்மாவோ உள்ளதைவிடப் பல மடங்கு அதிகமாகக் கற்பனை செய்துகொண்டு, சாப்பாட்டைக்கூடக் குறைத்துக்கொண்டார். உன் அம்மா டயாலிசிஸைத் தட்டிக்கழிப்பதும் அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தன்னால்தான் பிள்ளைகள் மூழ்குகிறார்கள் என்று நினைக்கிறார். மாதம் 9,000 வட்டி நிற்கப்போகிறது, டயாலிசிஸ் 12,000 நிற்கப்போகிறது, வீடு அப்படியே இருக்கப்போகிறது என்று எண்களாகச் சொன்னால் ஆரத்தை அவரே எடுத்துக் கொடுப்பார். அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசு. பேச்சு குழறினாலும் காது கேட்கிறதல்லவா? அவர் சம்பாதித்த நகை அது.

உறவினர் கைமாற்றைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். ஒவ்வொருவருக்கும் நீயே கைப்பேசியில் பேசி, இந்த ஆண்டு தர முடியாது, அடுத்த ஆண்டு தைக்குப் பிறகு மாதம் இவ்வளவு தருகிறேன் என்று சொல்லிவிடு. வாய் திறந்து சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். நாம் விசேஷங்களுக்குப் போகாமல் ஒதுங்கி நிற்கும்போதுதான் ஏமாற்றுகிறோம் என்று நினைக்கிறார்கள்.

பதிவு 10 – மண்வாசம்

நகையின் இன்றைய விலையை நான் கணக்கில் எடுக்கவில்லை. கரையான் ஐயா சொல்வது நல்ல வழிதான். ஆனாலும் என் கருத்தின் ஒரு பாதியை விட்டுக்கொடுக்க மாட்டேன். இ.எஸ்.ஐ. வழி ஏதோ காரணத்தால் தடைப்பட்டு, மூன்று நான்கு மாதங்களுக்குப் பிறகும் வரவைவிடச் செலவு அதிகமாகவே இருந்தால், அப்போது கௌரவம் பார்க்காமல் வீட்டை விற்றுவிட வேண்டும். மறுபடி ஒரு 3 ரூபாய் வட்டிக் கடனை மட்டும் வாங்கவே கூடாது.

பதிவு 11 – சட்டத்துணை

வீட்டு விஷயத்தில் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. பத்திரம் யார் பெயரில் உள்ளது? தாத்தா கட்டிய வீடு என்கிறீர்கள். இன்னும் அவர் பெயரிலேயே இருந்தால் அதில் பெரியப்பாவுக்கும், அத்தைமார் இருந்தால் அவர்களுக்கும் பங்கு வரும். விற்றால் 14 லட்சமும் உங்கள் கைக்கு வராது. கடனை அடைக்கும் அளவுக்குக்கூட வருமா என்பதே சந்தேகம். வாரிசுச் சான்றிதழ் எடுத்து வைப்பதை இப்போதே தொடங்குங்கள். விற்பதாக இருந்தாலும் வைத்திருப்பதாக இருந்தாலும் அது தேவைப்படும். பைனான்சியர் வீட்டின் பேரில் கிரய ஒப்பந்தமோ பொது அதிகார ஆவணமோ கேட்டால் எக்காரணம் கொண்டும் கையெழுத்துப் போடாதீர்கள். கடனுக்கு உத்தரவாதம் என்று சொல்லித்தான் வாங்குவார்கள். பின்னர் வீட்டையே விற்றுவிட்டதாக வழக்கு வரும்.

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. அரசு நிர்ணயித்த வீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கடன் கொடுத்தவர் பணத்தை வாங்க மறுத்தால், செலுத்த வேண்டியதை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு மனுப் போடவும் அந்தச் சட்டம் வழி செய்கிறது. முதலிலேயே இதைச் சொல்லி மிரட்ட வேண்டாம். ஆனால் இதுவரை எவ்வளவு வட்டி கட்டினீர்கள் என்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள், அசலைக் குறைத்து முடிக்கச் சொல்லிப் பேசும்போது அது உதவும். குழுக் கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பிறகோ வரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதித்திருக்கிறது; குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகும்படி புதிதாக நுண்கடன் கொடுக்கவும் கூடாது. கட்டாய வசூலுக்கு எதிராக 2025இல் தமிழக அரசு தனிச் சட்டமும் கொண்டுவந்திருக்கிறது. பெண் என்ற முறையில், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் உங்களுக்கு இலவசமாக வழக்குரைஞர் கிடைப்பார்.

பதிவு 12 – தறிவீட்டுப்பெண்

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை தம்பியும் வந்திருந்தான். நோட்டில் எழுதிய கணக்கை அம்மா, அப்பா இருவர் முன்னாலும் வாசித்தேன். அம்மா முதலில் கேட்டது ஆரத்தைப் பற்றி அல்ல. டயாலிசிஸுக்குக் காசு கட்ட வேண்டாமா என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். இந்த வாரம் இரண்டு முறையும் மறுக்காமல் வந்தார். நிறுவனத்தில் இருவர் பெயரையும் சேர்க்க எழுதிக் கொடுத்துவிட்டேன். பெருந்துறையில் பெயர் பதிவு செய்தாகிவிட்டது. பிஸ்டுலாவுக்கும் அங்கேயே வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சிறுநீரகத் தரகரிடம் இனி பேச மாட்டேன் என்று தம்பி எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். வீட்டுப் பத்திரம் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. ஆகவே விற்பனைப் பேச்சை இப்போதைக்கு நிறுத்திவிட்டோம். ஆரத்தை விற்றுப் பைனான்சியரை முடிக்கப்போகிறோம். நகையைத் திருப்பி வைக்கும் நாளுக்குப் பெரியப்பாவே பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருக்கிறது. பைனான்சியரிடம் தொகை நிரப்பாத காசோலைகள் 3 இருக்கின்றன. பணம் கட்டுவதற்கு முன்பே வங்கியில் சொல்லி அவற்றை நிறுத்தி வைத்துவிடலாமா?

பதிவு 13 – சட்டத்துணை

முன்கூட்டியே நிறுத்த வேண்டாம். கடன் பாக்கி இருக்கும்போது நிறுத்திவைத்தால், அவர் காசோலையை வங்கியில் போட்டுத் திரும்பியதாகக் காட்டி மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் வழக்குத் தொடர இடம் உண்டு. அசலை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து அவர் கணக்குக்கே அனுப்புங்கள்; ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். அனுப்பும் அதே நாளில் நேரில் போய், அசலும் வட்டியும் முழுவதும் பெற்றுக்கொண்டேன் என்று புரோநோட்டின் பின்புறம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அசல் தாளையும் 3 காசோலைகளையும் திருப்பித் தரச் சொல்லுங்கள். காசோலை தொலைந்துவிட்டது என்று சொன்னால், அவற்றின் எண்களைக் குறிப்பிட்டு இனி அவை செல்லாது என்று அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தரவும் மறுத்தால், பணம் செலுத்திய விவரத்தையும் காசோலை எண்களையும் குறிப்பிட்டு பெற்றுக்கொண்டதற்கான சான்றுடன் விரைவுத் தபாலில் அவருக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டு, அந்தக் கடித நகலை இணைத்து உங்கள் வங்கியில் நிறுத்தக் கோரிக்கை கொடுங்கள். போகும்போது பெரியப்பாவையும் கூட்டிச் செல்லுங்கள். சாட்சியாக ஒருவர் இருப்பது நல்லது.